இலங்கையில் மாப்பொருள் உணவும் நீரிழிவும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

நீரிழிவு நோயாளருக்கு நமது வைத்தியசாலைகளில் வழங்கப்படும் அறிவுரை பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடும்: சோற்றைக் குறையுங்கள், கோதுமை மாவைத் தவிருங்கள். இவ்வறிவுரையிற் பிழையில்லை. ஆயினும், உண்பவர் தமது உணவைத் தாமே தெரிந்தெடுக்கின்றார் என்ற எடுகோளின் மீதே அது நிற்கின்றது. ஒரு மக்கட் கூட்டத்தின் அடிப்படை உணவு தனிமனிதரின் நாவினால் தீர்மானிக்கப்படுவதன்று. நில உடைமை, வாணிபம், கூலி, வரி, அரசின் கொள்கை ஆகியன யாவும் கூடியே அதனைத் தீர்மானிக்கின்றன. ஆதலின், மாப்பொருள் உணவுக்கும் நீரிழிவு, இருதய நோய் ஆகியவற்றுக்குமுள்ள தொடர்பை மருத்துவ நூல்களில் மட்டுமன்றிச் சமூக வரலாற்றிலும் தேட வேண்டியவர்களாக உள்ளோம்.

தேடலின் அவசரத்தை உணர்த்தச் சில எண்களே போதுமானவை. 1990களின் தொடக்கத்தில் இலங்கைக் கிராமமொன்றில் நடத்தப்பெற்ற ஆய்வு, வளர்ந்தோரில் நூற்றுக்கு 2.5 பேரளவிலேயே நீரிழிவைக் கண்டது. 2005–2006 இல் மேற்கொள்ளப்பட்ட விரிவான ஆய்வு, 20 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 10.3 பேருக்கு அந்நோய் உண்டெனக் காட்டியது. நகரப்புறங்களில் அது 16.4 ஆகவும் கிராமப்புறங்களில் 8.7 ஆகவும் இருந்தது. 2018–2019 ஆம் ஆண்டு ஆய்வின்படி அவ்வெண் ஏறத்தாழ 23 ஆகும். இம்மூன்றும் ஒரே அளவுகோல் கொண்டு அளக்கப்பட்டவையல்ல. ஆதலால் அவற்றை ஒரே கோட்டில் வைத்துக் கணக்கிடுதல் தகாது. எனினும் போக்கு எத்திசையிற் செல்கின்றது என்பதில் ஐயத்துக்கிடமில்லை. 2005–2006 ஆம் ஆண்டு ஆய்வில் யுத்தங் காரணமாக வடக்கு, கிழக்கு மாகாணங்கள் சேர்க்கப்படவில்லை என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. நோயின் கணக்கெடுப்பும் நாட்டின் அரசியலுக்குப் புறம்பானதன்று.

ஒரு தலைமுறைக்குள் மக்களின் பரம்பரை அலகுகள் மாறிவிடுவதில்லை. எனவே, மாறியது எது என்பதே நம்முன்னுள்ள வினாவாகும்.

2

முதற்கண் மாப்பொருள் உடலில் ஆற்றும் வினையைச் சுருக்கமாக நோக்குவோம். தீட்டிய அரிசியின் நிறையில் நூற்றுக்கு எண்பதளவு மாப்பொருளே. மாப்பொருள் என்பது குளுக்கோசு மூலக்கூறுகள் கோவையாகப் பிணைந்தவொன்று. வாயிலும் சிறுகுடலிலும் சுரக்கும் நொதியங்கள் அக்கோவையை அறுக்க, குளுக்கோசு குருதியிற் சேர்கின்றது. சதையியிலிருந்து சுரக்கும் இன்சுலின் அதனைத் தசைகளுக்குள்ளும் ஈரலுக்குள்ளும் புகச் செய்கின்றது. சீனியை உண்டால் மட்டுமே குருதியிற் சர்க்கரை ஏறும் என்ற பாமர நம்பிக்கை தவறானது. இனிப்பற்ற சோறும் பாணும் இறுதியிற் குளுக்கோசாகவே குருதியை அடைகின்றன.

மாப்பொருள் யாவும் ஒரே வேகத்திற் கரைவதில்லை என்பதே இங்கு முக்கியமானது. அமைலோசு என்னும் நேர்கோவை மிகுந்த அரிசி மெதுவாகவும், அமைலோபெக்டின் என்னும் கிளைக்கோவை மிகுந்த அரிசி விரைவாகவும் செரிக்கின்றன. தவிடும் நார்ப்பொருளும் நொதியங்களைத் தாமதிக்கச் செய்கின்றன. நுண்ணிதாக அரைத்த மா, முழுத் தானியத்திலும் விரைந்து கரைகின்றது. அவித்து ஆறிய மாப்பொருளின் ஒரு பகுதி மீண்டும் இறுகிச் சிறுகுடலிற் செரியாத நிலையை அடைகின்றது. நமது முன்னோரின் பழஞ்சோற்றில் நிகழ்வது இதுவே. பருப்பு, மரக்கறி, மீன், தேங்காய்ப்பால் ஆகியவற்றோடு கூட்டி உண்ணும்போதும் சர்க்கரை ஏறும் வேகம் குறைகின்றது. இவ்வேறுபாடுகளை அளந்து ஒப்பிடுவதற்கான கிளைசீமிக் சுட்டெண் என்னும் கருத்தை 1981 இல் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜென்கின்சும் அவருடன் உழைத்தோரும் முன்வைத்தனர். அறுபது ஆண்டுகளுக்கு முன், 1921 இல், இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டதும் அந்நகரிலேயே என்பது குறிப்பிடத்தக்கது.

இருதயத்துக்கான பாதை இதனின்றும் பிரிகின்றது. தசை ஏற்காத மிகைக் குளுக்கோசை ஈரல் கொழுப்பாக மாற்றுகின்றது. அதனாற் குருதியில் திரைகிளிசரைட்டு உயர்கின்றது. நாடிகளுக்கு நன்மை பயக்கும் வகைக் கொலஸ்திரோல் தாழ்கின்றது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்புப் படிய, இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்க மறுக்கின்றது. உயர்ந்து நிற்கும் சர்க்கரை நாடிச் சுவர்களைப் பழுதாக்குகின்றது. நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் குருதிக் கொழுப்பின் சீர்கேடும் ஒரே வேரிற் கிளைத்தவையாகலாம் என 1988 இல் அமெரிக்க மருத்துவரான ஜெரல்ட் ரீவன் வாதிட்டார். நீரிழிவுடையோருக்கு மாரடைப்பு நேரும் அபாயம் ஏனையோரிலும் ஏறத்தாழ இருமடங்கு என்பது இன்று நிறுவப்பட்ட உண்மை. நிரம்பிய கொழுப்பு, உப்பு, புகைத்தல் ஆகியவற்றின் பங்கை இதனால் மறுத்தவராகோம். 1950களிலிருந்து நெடுங்காலம் ஆய்வுலகின் பார்வை கொழுப்பின் மீதே குவிந்திருந்தமையால், உணவின் பெரும்பகுதி மாப்பொருளாகவே உள்ள நம்மனைய நாடுகளின் நிலை போதிய கவனம் பெறாதிருந்தது என்பதையே சுட்ட விரும்புகின்றோம்.

இவற்றிலிருந்து பெறப்படும் முடிபு யாதெனில், மாப்பொருளின் விளைவு தானியத்தின் பெயரில் மட்டும் தங்கியிருக்கவில்லை என்பதாகும். அது எவ்வாறு பதப்படுத்தப்பட்டது, எதனோடு உண்ணப்பட்டது, எத்தகைய உழைப்பில் ஈடுபட்ட உடலுட் சென்றது என்பனவும் சமமான முக்கியத்துவம் உடையன. இவை மூன்றும் வரலாற்றிற்கு உட்பட்டவை.

3

நீரிழிவு நம் நாட்டிற்குப் புதியதன்று. ஆயுர்வேத நூல்கள் இருபது வகைப் பிரமேகங்களைக் கூறி, மதுமேகத்தையும் அவற்றுள் அடக்கின. சுசுருத சங்கிதை, பிறப்போடு வருவது, தகாத உணவால் வருவது எனப் பிரமேகத்தை இருவகைப்படுத்தியது. பரம்பரையா வாழ்க்கை முறையா என்று இன்று நாம் வாதிடும் வினாவின் பழைய வடிவமாக இப்பகுப்பைக் கொள்ளலாம்.

மேனாட்டு மருத்துவத்திலும் உணவுக் கட்டுப்பாடே முதற் சிகிச்சையாக இருந்தது. பிரித்தானியப் படை மருத்துவரான ஜோன் றொல்லோ 1797 இல் வெளியிட்ட நூல், தானிய உணவை விலக்கி மாமிச உணவையே வழங்கும் முறையை எடுத்துரைத்தது. இதற்குச் சில ஆண்டுகளின் பின் இலங்கை இவ்வரலாற்றில் இடம்பெறுகின்றது. பிரித்தானிய ஆட்சியின் தொடக்க காலத்தில் இங்கு மருத்துவ அதிகாரியாகப் பணியாற்றிய தோமஸ் கிறிஸ்ரி, 'இலங்கையில் காணப்படும் நீரிழிவு' பற்றிய தமது குறிப்புக்களை 1811 இல் எடின்பரோ மருத்துவ இதழொன்றில் வெளியிட்டார். தேன் போன்ற சிறுநீர் எனப் பொருள்படும் பெயரால் இந்நோய் இந்நாட்டு மருத்துவத்தில் முன்னரே அறியப்பட்டிருந்ததை அவர் கவனித்தார். கோப்பித் தோட்டங்களும் நீராவி ஆலைகளும் தோன்றுமுன்னரே இங்கு நீரிழிவு இருந்தது என்பதற்கு இது சான்று. ஆதலின், பழைய காலம் நோயற்ற காலம் என்ற கற்பனைக்கு இடமில்லை.

ஆயின் அந்நாளில் இந்நோய் யாருடையது? 1907 இல் பிரித்தானிய மருத்துவச் சங்கக் கூட்டத்தில் அயனமண்டல நாடுகளின் நீரிழிவு பற்றி நிகழ்ந்த கலந்துரையாடலில், வங்காளத்தின் கற்ற, வசதி படைத்த, அமர்ந்து தொழில் செய்யும் வகுப்பினரே இதற்குப் பெரிதும் ஆளாகின்றனர் என்ற கருத்து மேலோங்கி நின்றது. வயலில் உழைத்தவனும் சோறே உண்டான். எழுதுவினைஞனும் சோறே உண்டான். நோய் பின்னவனையே நாடிற்று. சோறு தனித்து நின்று நோயைத் தரவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

4

தானியத்தின் தன்மையையே மாற்றிய முதற்பெரும் நிகழ்ச்சி ஆலையின் வருகையாகும். உரலும் உலக்கையும் கொண்டு குத்திய அரிசியில் தவிட்டின் ஒரு பகுதி எஞ்சியிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பர்மா, சீயம் முதலிய நாடுகளிற் பெருகிய நீராவி ஆலைகள் தவிட்டை முற்றாக நீக்கி அரிசியை வெண்மையாக்கின. வெள்ளையரிசி நெடுநாள் பழுதடையாது, கப்பலிலேற்ற உகந்தது, பார்வைக்கும் கவர்ச்சியானது. வாணிபத்தின் தேவையே அதன் வெண்மைக்குக் காரணமாயிற்று.

இதன் முதல் விளைவு நீரிழிவன்று, பெரிபெரி என்னும் நோயாகும். பற்றேவியாவிற் பணியாற்றிய ஒல்லாந்து மருத்துவர் எய்க்மன், தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் இந்நோயை ஒத்த நோயாற் பீடிக்கப்படுவதை 1890களில் எடுத்துக்காட்டினார். அதற்காக 1929 இல் நோபல் பரிசும் பெற்றார். மலாயாவில் மருத்துவர் பிறட்டன் கண்ட உண்மை நமக்கு இன்னும் நெருக்கமானது. சீயத்தின் தீட்டிய பச்சையரிசியை உண்ட சீனச் சுரங்கத் தொழிலாளர் பெருந்தொகையாய் மடிந்தனர். புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரை அந்நோய் பெரும்பாலும் அணுகவில்லை. கோலாலம்பூர் மனநோய் வைத்தியசாலையில் 1905 இல் பிளெச்சர் இருவகை அரிசியையும் ஒப்பிட்டு நடத்திய பரிசோதனையும் பின்னர் வந்த ஆய்வுகளும் இதனை உறுதிப்படுத்தின. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள விற்றமின் அரிசியின் உட்புறம் புகுந்துவிடுகின்றது. அதே அவித்தலால் மாப்பொருள் இறுகுவதனால் சர்க்கரை ஏறும் வேகமும் குறைவதைப் பின்னாளைய ஆய்வுகள் காட்டின. நமது தாய்மாரின் அடுக்களை நுட்பம் ஒன்று, அதன் காரணம் அறியப்படுமுன்னரே, தலைமுறைகளைக் காத்து வந்தது எனலாம்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. உலக்கை பிடித்த கை பெண்ணின் கை. நெல்லை அவித்து, காயவைத்து, குத்தி, கொழித்து எடுக்கும் நாளாந்த உழைப்பினின்று பெண்களை மீட்டது ஆலையேயாகும். கைக்குத்தரிசியின் சிறப்பைப் பேசுவோர், அதனைக் குத்தியது யார் என்ற வினாவைக் கேட்பதில்லை. ஆலைக்கு முந்திய காலத்துக்குத் திரும்புவது தீர்வன்று. ஆலை எவ்வளவு தீட்ட வேண்டும் என்பதைச் சந்தையின் பகட்டுத் தீர்மானிப்பதா, மக்களின் நலன் தீர்மானிப்பதா என்பதே பிரச்சினை.

5

இலங்கையில் தானியப் பன்மை குறுகியமைக்கு நிலக்கொள்கையும் ஒரு காரணமாகும். வரண்ட பிரதேசச் சேனைகளில் குரக்கனும் சாமையும் வரகும் தினையும் விளைந்தன. வயல் பொய்த்த ஆண்டில் சேனையே மக்களைக் காத்தது. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டமும், 1897 ஆம் ஆண்டின் தரிசு நிலச் சட்டமும் உறுதியற்ற காடுகளையும் சேனை நிலங்களையும் அரசுடைமையாகக் கொண்டன. பெருந்தோட்டங்களுக்கு நிலம் கிடைத்தது. சேனைப் பயிர்ச்செய்கை கட்டுப்படுத்தப்பட்டது. குரக்கன் ஏழையின் தானியம் என்ற இழிவும் அதனைச் சூழ்ந்தது. வடக்கில் ஒடியற் கூழும் குரக்கன் பிட்டும் இவ்வாறே வறுமையின் அடையாளங்களாகக் கருதப்பட்டன.

பெருந்தோட்டம் உணவை விளைவிப்பதன்று. கோப்பியையும் பின்னர் தேயிலையையும் நம்பி மலையகத்திற் குடியேற்றப்பட்ட தமிழகத் தொழிலாளருக்கு அரிசி இறக்குமதி செய்யப்பட்டது. தோட்ட நிருவாகமே அரிசியை வழங்கி, அதன் விலையைக் கூலியிற் கழித்துக்கொண்டது. எவ்வகை அரிசி, எவ்வளவு, என்ன விலை என்பவற்றைத் தொழிலாளி தீர்மானிக்கவில்லை. நாளடைவில் முழு நாடுமே இப்பொறியமைப்பிற்கு உட்பட்டது. இரண்டாம் உலகப்போருக்கு முன் இலங்கை தான் உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றிலிரண்டு பங்கை வெளியிலிருந்தே பெற்றது. தேயிலையும் றப்பரும் விற்று அரிசி வாங்கும் நாடாக அது ஆக்கப்பட்டிருந்தது.

1942 இல் பர்மா யப்பானியர் வசமானதும் இவ்வமைப்பு நிலைகுலைந்தது. பங்கீட்டு முறை அவ்வாண்டிலேயே தொடங்கியது. போதாத அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா வழங்கப்பட்டது. அதுவரை நகரவாசிகளின் பாணாக மட்டும் பெரிதும் அறியப்பட்டிருந்த கோதுமை, கூப்பன் புத்தகத்தின் வழியாகக் கிராமத்துக்குள் நுழைந்தது. பாண் என்ற சொல் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. பணிஸ் என்பது ஆங்கிலேயர் தந்தது. நமது காலை உணவின் சொல்லகராதியே குடியேற்றவாதத்தின் வரலாறாக உள்ளது.

போருக்குப் பின்னரும் பங்கீடு தொடர்ந்தது. 1953 யூலையில் கொத்தரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக அரசு உயர்த்தியதும், ஓகத்து 12 ஆந் திகதி நாடெங்கும் ஹர்த்தால் வெடித்தது. மக்கள் சுடப்பட்டு இறந்தனர். ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். உழைக்கும் மக்கள் தமது சோற்றுக்காகப் போராடிப் பெற்ற வெற்றியாக நாம் இதனை மதிக்கின்றோம். மலிவரிசி பட்டினியைத் தடுத்தது. தாய் சேய் மரணத்தைக் குறைத்து ஆயுளைக் கூட்டிய காரணிகளில் அதுவும் ஒன்றாயிற்று. ஆனால் அதன்பின் எல்லா அரசுகளும் உணவைக் கொத்தின் அளவாலும் சதத்தின் கணக்காலும் மட்டுமே அளந்தன. வயிறு நிரம்புகின்றதா என்பதே வினாவாயிற்று; அதனை நிரப்புவது எது என்ற வினா எழவேயில்லை. பருப்புக்கும் மரக்கறிக்கும் மீனுக்கும் அத்தகைய பாதுகாப்பு கிடைக்கவில்லை. மலிவான மாப்பொருளும் எட்டாத புரதமும் கொண்ட தட்டு இவ்வாறே உருவாயிற்று.

6

கோதுமை மாவின் நிலைபேற்றுக்கு உலக அரசியற் காரணங்களும் இருந்தன. 1954 இல் ஐக்கிய அமெரிக்கா இயற்றிய 480 ஆம் இலக்கப் பொதுச்சட்டம், தன் விவசாய மிகையைச் சலுகை அடிப்படையில் வெளிநாடுகளுக்கு வழங்க வழி செய்தது. இலங்கையும் அதன்கீழ்க் கோதுமையைப் பெற்றது. பாடசாலைச் சிறாருக்குப் பணிசும் பிஸ்கோத்தும் கொடுக்கப்பட்டன. பசித்த பிள்ளைக்கு உணவளித்த செயலை நாம் பழிப்பதற்கில்லை. எனினும், இலங்கையின் வயல்களில் விளையாத தானியமொன்றின் சுவை ஒரு தலைமுறையின் நாவிற் பதிந்தது. 1980 இல் திருகோணமலையில் சிங்கப்பூர் நிறுவனமொன்றின் பாரிய மா ஆலை இயங்கத் தொடங்கியதும், கோதுமை மா நாட்டின் இரண்டாவது அடிப்படை உணவாக உறுதிபெற்றது. யாழ்ப்பாணத்து அடுக்களையோ அதனையும் தன்வயமாக்கிக் கொண்டது. மாவை அவித்து அரித்து, பிட்டாகவும் இடியப்பமாகவும் அது வடிவெடுத்தது.

மலையகத்தில் இம்மாற்றம் மிக ஆழமானது. 1973–1974 இல் உலகச் சந்தையில் உணவு விலை ஏறி, பங்கீடு குறைக்கப்பட்டபோது, நாட்டின் ஏனைய பகுதிகளில் மரவள்ளியும் வற்றாளையும் பயிரிட்டுச் சமாளித்தனர். சொந்த நிலமற்ற தோட்டத் தொழிலாளருக்கு அவ்வழி இல்லை. தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1979 இல் பங்கீட்டு முறையின் இடத்தை உணவு முத்திரைகள் எடுத்துக்கொண்டன. முத்திரையின் பணப்பெறுமதி விலைவாசியோடு உயரவில்லையாதலின், அது வாங்கக்கூடிய உணவு ஆண்டுக்காண்டு சுருங்கியது. நாட்டின் ஏனைய துறையினரிலும் தோட்டத் துறையினரே கோதுமை மாவை மிகுதியாக உண்கின்றனர். விடியுமுன் எழுந்து, பிள்ளைகளைக் கவனித்து, கொழுந்து பறிக்க மலையேறும் பெண்ணுக்கு ரொட்டியும் சம்பலும் விரைவில் ஆயத்தமாகும். கையில் எடுத்துச் செல்லலாம். நெடுநேரம் பசி தாங்கும் என்ற நம்பிக்கையும் உண்டு. அதனோடு சீனி மிகுந்த சாயத் தேநீர். இது நாவின் அறியாமையன்று. நேரத்தினதும் கூலியினதும் கணக்கு.

வடக்குக் கிழக்கில் யுத்தம் இக்கணக்கையே வேறு வழியில் திணித்தது. வயலையும் கடலையும் இழந்து அகதி முகாம்களில் வாழ்ந்த மக்கள், அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி என்னும் உலருணவுப் பங்கீட்டில் ஆண்டுக்கணக்காகத் தங்கியிருந்தனர். மீனவன் மீனையும் விவசாயி மரக்கறியையும் பெறமுடியாத நிலை அது. உழைக்க நிலமில்லை, உண்ண மாப்பொருள் உண்டு. நீரிழிவு வளர இதனிலும் ஏற்ற சூழல் வேறில்லை.

7

இவ்விடத்து, கடல் கடந்த தமிழர் வரலாற்றிலிருந்து ஓர் ஒப்புநோக்கைத் தருதல் பயனுடைத்து. 1860 முதல் தென்னாபிரிக்காவின் நேற்றால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோரிற் கணிசமானோர் சென்னை மாகாணத் தமிழர். அவர்தம் சந்ததியாரிடையே நீரிழிவு மிகுதியாயிருந்ததை டேர்பன் நகர மருத்துவரான கம்பெல் 1950களிலும் 1960களிலும் கண்டார். கிராமத்தை விட்டு நகரஞ் சேர்ந்த சூலு மக்களிடையே ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து அந்நோய் தலைகாட்டுவதையும் அவர் கவனித்தார். தீட்டிய மாவும் சீனியுமே காரணம் என அவரும் ஆங்கிலேய மருத்துவரான கிளீவும் 1966 இல் வெளியிட்ட நூலில் வாதிட்டனர். அவர்களது முடிபு ஒருதலைப்பட்சமானது என்ற விமர்சனம் ஏற்கத்தக்கதே. ஆயினும் இரு வேறு இனத்தாரை ஒரே நோய்க்கு இட்டுச் சென்றது அவர்களது வாழ்நிலை மாற்றம் என்ற அவதானிப்பு இன்றும் வலிமை குன்றாதது.

தென்னாசியர்க்கு இயல்பிலேயே இந்நோய்க்கான நாட்டம் உண்டு என்பது இதற்கு எதிராகக் கூறப்படும் வாதமாகும். அதில் உண்மையுண்டு, ஆனால் அவ்வியல்பும் ஓரளவு வரலாற்றின் ஆக்கமே. கருவிலிருக்கையில் ஊட்டங் குன்றிய குழந்தை, குறைந்த தசையும் வலுக்குறைந்த சதையியும் கொண்டு பிறந்து, பின்னாளில் மிகுந்த மாப்பொருளைத் தாங்கமாட்டாது நீரிழிவுக்கு ஆளாகின்றது என்ற கருத்தை ஹேல்சும் பாக்கரும் 1992 இல் முன்வைத்தனர். ஊட்டக் குறைவோடு தொடர்புற்ற நீரிழிவை உலக சுகாதார நிறுவனம் 1985 இல் தனி வகையாக ஏற்று, 1999 இல் கைவிட்டது. 2025 இல் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் அதனை மீண்டும் தனி வகையாக அங்கீகரித்தது. இவ்வகைப்பாட்டின் ஏற்ற இறக்கம் எவ்வாறாயினும், தாயின் பசி மகனின் குருதியில் எழுதப்படுகின்றது என்ற அடிப்படை உண்மை நமக்கு முக்கியமானது. 1974 இன் தோட்டப் பஞ்சத்திற் கருவிலிருந்தோர் இன்று ஐம்பது வயதைக் கடந்தோராவர். பரம்பரை என்று கூறி நாம் கைவிடும் பலவற்றுள் வறுமையின் எச்சமும் அடங்கியுள்ளது.

21 நாடுகளில் 132,373 பேரைத் தொடர்ந்து அவதானித்து 2020 இல் வெளியான ஆய்வொன்று இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம் ஆகிய தென்னாசிய நாடுகளில், நாளொன்றுக்கு 450 கிராமும் அதற்கு மேலும் வெள்ளைச் சோறு உண்போருக்கு, 150 கிராமிற் குறைவாக உண்போரிலும் பார்க்க நீரிழிவு அபாயம் 1.61 மடங்காக இருந்தது. சோறுண்ணும் சீனாவில் அத்தகைய தெளிவான தொடர்பு காணப்படவில்லை. தட்டிற் சோற்றோடு கூடவுள்ளது எது, உண்பவரின் உடல் எத்தகையது என்ற வினாக்களுக்கே இவ்வேறுபாடு நம்மை மீண்டும் இட்டுச் செல்கின்றது.

8

நாம் இதுவரை கண்டவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, இரண்டு இடமாற்றங்கள் புலனாகின்றன. ஒரு காலத்திற் செல்வர்க்குரியதாயிருந்த நீரிழிவு இன்று உழைக்கும் மக்களிடம் வந்து சேர்ந்துள்ளது. ஒரு காலத்தில் ஏழைக்குரியதாயிருந்த குரக்கனும் தவிடு நீங்கா அரிசியும் இன்று அழகிய பொதிகளில் அடைபட்டு வசதியுடையோரிடம் சென்றுவிட்டன. நோய் கீழிறங்க, மருந்தாகக்கூடிய உணவு மேலேறியுள்ளது. இவ்விரண்டும் ஒரே சமூக அசைவின் இரு பக்கங்களாகும்.

2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு நெல் விளைச்சல் வீழ்ந்தது. 2022 செத்தெம்பரில் கொழும்பு நுகர்வோர் சுட்டெண்ணின்படி உணவு விலை ஓராண்டுக்குள் நூற்றுக்கு 90 இற்கும் மேலாக உயர்ந்தது. அத்தகைய வேளையில் முதலில் தட்டைவிட்டு நீங்குவன மீனும் முட்டையும் பருப்பும் மரக்கறியுமே. இறுதிவரை எஞ்சுவது மாப்பொருள். இந்நிலையில், சோற்றைக் குறையுங்கள் என்ற அறிவுரையை ஏழை நோயாளி கேட்கும்போது, எஞ்சியிருப்பதையும் குறை என்றே அது அவர் காதில் விழுகின்றது.

அறிவுரையைக் கைவிட வேண்டும் என நாம் கூறவில்லை. புழுங்கலரிசியைத் தெரிதல், சோற்றின் அளவைக் குறைத்து மரக்கறியையும் பருப்பையும் கூட்டுதல், சீனியைத் தவிர்த்தல், நடத்தல் ஆகியன பயன் தருவனவே. குரக்கனுங் கூட மந்திரத் தானியமன்று. அதனை நுண்ணிதாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் அதன் நன்மையிற் பெரும்பங்கு குறைந்துபோம். ஆனால் இவ்வறிவுரைகள் செயலாவதற்குரிய சூழலை ஆக்குவது சமூகத்தின் கடமை. அரிசி தீட்டும் அளவை நெறிப்படுத்தல், பயறு, கௌபி, உழுந்து முதலியவற்றுக்கும் குரக்கனுக்கும் உத்தரவாத விலை வழங்கல், பாடசாலை உணவில் அவற்றுக்கு இடமளித்தல், தோட்டத் தொழிலாளருக்கு வீட்டுத்தோட்டம் செய்ய உரித்துடைய நிலம் அளித்தல், கருவுற்ற தாய்மாரின் ஊட்டத்தைக் காத்தல் ஆகியன நீரிழிவு மருந்தகத்தின் எல்லைக்கு வெளியே உள்ளன. எனினும் அவை நீரிழிவுச் சிகிச்சையின் பகுதிகளேயாகும்.

1953 இல் மக்கள் கேட்டது சோறு. அக்கோரிக்கையின் நியாயம் இன்றும் அவ்வாறே உள்ளது. அதன் பொருளே விரிவடைய வேண்டியுள்ளது. உயிரைத் தாங்கும் உணவு மட்டுமன்றி, உடலைக் கெடுக்காத உணவும் உழைப்பவரின் உரிமையாகும். அவ்வுரிமை நிலைநாட்டப்படும்வரை, நோயாளியின் தட்டைப் பார்த்து அவரைக் குறைகூறும் தகுதி நமக்கில்லை என்பதே எமது துணிபு.